நெஞ்சில் நிற்கும் சோறு

உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புற்று வந்தால் அதை வெட்டி எடுக்கப் பல வழிகள் உண்டு. எந்த வழி, எப்போது, யார் கையால் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது.

முதலில் தகராறு செய்வது சப்பாத்தி. அடுத்தது இட்லி. விழுங்கிய கவளம் மார்புக்கூட்டின் அடியில் எங்கோ நின்றுகொள்கிறது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடுகிறது. சில வாரங்களில் சோற்றை ரசத்தில் குழைத்தால்தான் உள்ளே போகிறது. அப்புறம் கஞ்சி. அதற்குள் சட்டை தொளதொளவென்று ஆகிவிடுகிறது. "வாயுவா இருக்கும்", "வயசாச்சு இல்லையா" என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

தாராவியின் 90 அடி சாலையானாலும் சரி, மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளானாலும் சரி, செம்பூரின் செட்டா நகரானாலும் சரி, கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய அமில மாத்திரையில் ஒரு மாதம் போகிறது. ஊருக்குப் போய் நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்ப்பதில் இன்னும் இரண்டு மாதம். கஞ்சியும் இறங்காமல் போன பிறகே எண்டோஸ்கோப்பி என்ற பேச்சு வருகிறது.

இத்தனைக்கும் நாட்டின் மிகப் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. சயானில் ஸ்லோ ரயில் ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். 1941 பிப்ரவரி 28-ல் அங்கே திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனைக்கு நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் இரண்டு நாள் ரயில் பயணம் செய்து நோயாளிகள் வருகிறார்கள். மூன்று ஸ்டேஷன் தள்ளி இருப்பவரும் பல நேரங்களில் அவர்களோடு சேர்ந்து அதே முற்றிய நிலையில்தான் போய் நிற்கிறார்.

தாமதத்தின் விலை பெரிது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2020-ம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஆண்டு உணவுக்குழாய்ப் புற்று புதிதாகக் கண்டவர்கள் சுமார் 63,000 பேர். அதனால் இறந்தவர்கள் சுமார் 58,000 பேர். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக நிற்பதிலேயே நோயின் குணம் தெரிந்துவிடுகிறது.

ஏன் தாமதமாகத் தெரிகிறது?

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். தொண்டையில் தொடங்கி, மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் பின்னால் இறங்கி, உதரவிதானத்தின் துவாரம் வழியாக வயிற்றுக்குள் நுழைந்து இரைப்பையில் முடிகிறது. நன்றாக விரிந்து கொடுக்கக்கூடியது. அதுவே ஆபத்தாகவும் முடிகிறது. உள்ளே கட்டி வளர்ந்து குழாயின் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறையும்வரை சோறு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். விழுங்கச் சிரமம் என்று நோயாளி உணரும் நாளில் நோய் ஏற்கனவே பல மாதம் பழையது.

இன்னொரு பலவீனமும் உண்டு. குடலின் பெரும்பகுதியைச் சுற்றி இருக்கும் வெளி உறை உணவுக்குழாய்க்கு இல்லை. சுவரைத் துளைத்த புற்று நேராகப் பக்கத்து உறுப்புகளைத் தொட்டுவிடுகிறது. சுவருக்குள்ளேயே ஓடும் நிணநீர் நாளங்கள் அதைக் கழுத்துவரை மேலேயும் வயிறுவரை கீழேயும் கொண்டுபோகின்றன.

இந்தப் புற்றில் இரண்டு ஜாதி. ஒன்று, குழாயின் உள்தோலில் முளைக்கும் செதிள் செல் புற்று. இந்தியாவில் இன்னமும் இதுவே அதிகம். மற்றொன்று சுரப்பித் திசுப் புற்று. குழாயின் அடிப்பகுதியிலும், இரைப்பையோடு அது சேரும் இடத்திலும் வருவது. ஆண்டுக்கணக்கில் அமிலம் எதுக்களித்து மேலே ஏறுவதும் உடல் பருமனும் இதற்கு முக்கியக் காரணங்கள். அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் இந்த இரண்டாவது வகை மற்றதை முந்திவிட்டது.

முதல் வகைக்குக் காரணம் என்ன என்பதை உலகுக்குச் சொன்ன ஊர்களில் பம்பாயும் ஒன்று. பரேலில் பணியாற்றிய எல்.டி. சங்வி, வி.ஆர். கானோல்கர் குழுவினர் 1955-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, புகையிலையைப் புகைப்பதையும் மெல்லுவதையும் வாய் முதல் உணவுக்குழாய் வரையிலான புற்றுகளோடு இணைத்துப் பார்த்தது. டாக்டர் டி.ஜே. ஜுசாவாலாவும் வி.ஏ. தேஷ்பாண்டேயும் 1971-ல் வெளியிட்ட ஆய்வு அதையே மேலும் உறுதிப்படுத்தியது. பாக்கு, புகையிலை, மது மூன்றும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

மாட்டுங்கா ஃபில்டர் காபிக்காரர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 2016-ல் சர்வதேச முகமை காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் 65 டிகிரி செல்ஷியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கக்கூடும் என்று அறிவித்தது. குற்றவாளி டிகிரி காபி அல்ல, அதன் சூடுதான். டபராவில் இரண்டு ஆற்று ஆற்றிவிட்டுக் குடிப்பது நல்லது.

வெட்டுவதற்கு முன்

புற்று என்று பயாப்ஸி சொன்னதும் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பயந்து ஆபரேஷனே வேண்டாம் என்பது ஒன்று. "நாளைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள்" என்று அவசரப்படுவது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதல் கட்சியின் பயத்துக்கு ஆதாரம் இல்லை. இரண்டாவது கட்சியின் அவசரம் அதைவிட அதிகக் கெடுதல் செய்யக்கூடும்.

காரணம், வெட்டுவதற்கு முன் நோய் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். எண்டோஸ்கோப்பி கட்டியைக் காட்டும். சி.டி. ஸ்கேன் அது பக்கத்து உறுப்புகளைத் தொட்டிருக்கிறதா என்று சொல்லும். பெட் ஸ்கேன் ஈரலிலோ எலும்பிலோ ரகசியமாகக் குடியேறிய புற்றைக் கண்டுபிடிக்கும். கட்டி சிறியதாக இருந்தால், எண்டோஸ்கோப்பி முனையில் பொருத்திய அல்ட்ராசவுண்ட் அது சுவரில் எத்தனை அடுக்கு இறங்கியிருக்கிறது என்று அளந்துவிடும். இரைப்பையை ஒட்டிய கட்டியானால் லேப்ராஸ்கோப் விட்டு வயிற்று உறையையும் பார்த்துவிடுவது வழக்கம்.

இந்தச் சோதனைகளில் போகும் இரண்டு மூன்று வாரங்கள் வீண் அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவிய நோயில் பெரிய ஆபரேஷன் பொதுவாகப் பலன் தராது. அது தெரியாமல் நெஞ்சைத் திறந்துவிட்டால் நோயாளிக்கு மிஞ்சுவது வலியும் கடனும்தான்.

புற்று உள்தோலோடு நின்றிருந்தால் நெஞ்சையும் திறக்க வேண்டாம், வயிற்றையும் திறக்க வேண்டாம். எண்டோஸ்கோப் வழியாகவே அந்தத் தோலைச் சீவி எடுத்துவிடலாம். ஜப்பானிய டாக்டர்கள் வளர்த்தெடுத்த இந்த முறை இப்போது இந்தியாவின் பெரிய மையங்களிலும் உண்டு. ஆனால் அவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் அதிர்ஷ்டசாலிகள் இங்கே மிகக் குறைவு.

எத்தனை வழிகள்?

மற்றவர்களுக்கு உணவுக்குழாயின் பெரும்பகுதியையும் அதைச் சேர்ந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தாக வேண்டும். எடுத்த இடத்தில் என்ன வைப்பது? இந்தக் கேள்விதான் ஒரு காலத்தில் சர்ஜன்களைத் திணற அடித்தது. 1913-ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற சர்ஜன் 67 வயதுப் பெண் ஒருவரின் உணவுக்குழாயை வெட்டி எடுத்தார். இணைக்க வழி தெரியவில்லை. கழுத்தில் ஒரு துவாரம், வயிற்றில் ஒரு துவாரம், இரண்டுக்கும் நடுவே உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். அந்தப் பெண் அப்படியே சாப்பிட்டு மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்று அந்த வேலையை இரைப்பையே செய்கிறது. அதைக் குறுக்கி நீளமான குழாயாகத் தைத்து நெஞ்சுக்குள் மேலே இழுத்து, மிச்சமிருக்கும் உணவுக்குழாயோடு இணைக்கிறார்கள். இரைப்பை பயன்படாது என்றால் பெருங்குடலின் ஒரு துண்டு அந்த இடத்துக்கு வரும். எந்தப் பக்கமாக உள்ளே போவது, இணைப்பை எங்கே போடுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, வயிற்றையும் வலப்பக்க மார்பையும் திறந்து இணைப்பை மார்புக்குள்ளேயே போடுவது. ஐவர் லூயிஸ் என்ற வேல்ஸ் சர்ஜன் 1946-ல் வெளியிட்ட முறை. அடிப்பகுதிக் கட்டிகளுக்கு இன்று உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படுவது. நிணநீர் முடிச்சுகளை நேரில் பார்த்து எடுக்கலாம்.

இரண்டாவது, மார்பு, வயிறு, கழுத்து என்று மூன்று இடத்தில் திறந்து இணைப்பைக் கழுத்தில் போடுவது. மெக்கியோன் 1976-ல் விவரித்தது. கட்டி சற்று மேலே இருந்தாலோ, குழாயை இன்னும் நீளமாக எடுக்க வேண்டியிருந்தாலோ இது பொருந்தும்.

மூன்றாவது, மார்பைத் திறக்காமலே வயிற்றிலிருந்தும் கழுத்திலிருந்தும் கையை விட்டு உணவுக்குழாயை விடுவித்து எடுப்பது. அமெரிக்க சர்ஜன் மார்க் ஆரிஞ்சர் 1978-ல் இதற்குப் புத்துயிர் கொடுத்தார். நுரையீரல் பலவீனமானவர்களுக்கு இது அனுகூலம். ஆனால் மார்புக்குள் உள்ள முடிச்சுகளை முழுதாக எடுக்க முடியாது. 2002-ல் நெதர்லாந்து டாக்டர்கள் 220 நோயாளிகளிடம் இரண்டு பாணிகளையும் ஒப்பிட்டார்கள். மார்பைத் திறக்காதவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. நீண்ட நாள் உயிர்வாழ்வில் மார்பைத் திறந்தவர்கள் சற்று முன்னே இருந்தாலும் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

நான்காவது, கட்டி இரைப்பைப் பக்கம் சாய்ந்திருந்தால் முழு இரைப்பையையும் உணவுக்குழாயின் நுனியையும் எடுத்துவிட்டுச் சிறுகுடலை மேலே கொண்டுவந்து இணைப்பது. ஜெர்மன் சர்ஜன் சீவர்ட் இந்தச் சந்திப்பில் வரும் கட்டிகளை மூன்றாகப் பிரித்தார். சந்திப்புக்கு மேலே மையம் கொண்டவைக்கு உணவுக்குழாய் ஆபரேஷன், கீழே மையம் கொண்டவைக்கு இரைப்பை ஆபரேஷன். சரியாக நடுவில் இருப்பவை பற்றி சர்ஜன்களுக்குள் இன்றும் விவாதம் ஓயவில்லை.

இணைப்பு எங்கே என்பது நோயாளிக்கும் முக்கியம். கழுத்தில் போட்ட தையல் அடிக்கடி கசியும், ஆனால் வெளியே திறந்து ஆற்றிவிடலாம். மார்புக்குள் போட்ட தையல் கசிவது குறைவு, கசிந்தால் ஆபத்து அதிகம். கழுத்தில் வேலை செய்யும்போது குரல் நரம்பு பாதிக்கப்பட்டுச் சிலருக்குக் குரல் கம்மிப்போவதும் உண்டு.

கோயம்புத்தூரின் பங்கு

மார்பை அகலமாகத் திறந்த நோயாளி ஆபரேஷனுக்குப் பிறகு வலியால் இரும மாட்டார். இருமாவிட்டால் சளி தேங்கி நிமோனியா வரும். இந்த ஆபரேஷனுக்குப் பின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் நிமோனியா முக்கியமானது. அதனால்தான் சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுச் செய்யும் முறைக்கு மவுசு.

இதில் ஒரு தமிழ்நாட்டு அத்தியாயம் உண்டு. கோவையைச் சேர்ந்த சர்ஜன் சி. பழனிவேலு, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்புக்குள் கேமரா விட்டு உணவுக்குழாயை விடுவிக்கும் முறையில் 130 பேருக்குச் செய்த அனுபவத்தை 2006-ல் அமெரிக்க சர்ஜன்கள் சங்க இதழில் வெளியிட்டார். குப்புறப் படுக்கும்போது நுரையீரலும் இதயமும் முன்பக்கம் சரிந்து இடம் விடுகின்றன, ரத்தமும் பார்வையை மறைப்பதில்லை. ஐரோப்பாவில் குப்புறப் படுக்கவைத்தே நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 2012-ல் வந்தது. மார்பைத் திறந்து செய்தவர்களில் முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று கண்டவர்கள் 29 சதவிகிதம். துளை வழியே செய்தவர்களில் 9 சதவிகிதம் மட்டுமே.

இப்போது ரோபோவும் வந்துவிட்டது. அது சர்ஜனின் கைக்கு வசதி. நல்ல சர்ஜனிடம் ரோபோ இல்லை என்பதற்காக வேறு இடம் தேடி ஓட வேண்டியதில்லை.

மருந்து முதலில், கத்தி அப்புறம்

ஹாலிவுட் நடிகர் ஹம்ப்ரி போகார்ட்டின் உணவுக்குழாயை 1956 மார்ச்சில் எடுத்தார்கள். அடுத்த ஜனவரியில் அவர் இறந்துபோனார். வசதிக்கும் டாக்டருக்கும் குறைவில்லாதவர். கண்ணுக்குத் தெரிந்த கட்டியைக் கத்தி எடுத்துவிடும், கண்ணுக்குத் தெரியாமல் சிதறிய செல்களை அது தொடாது என்பதே அன்றைய சிகிச்சையின் எல்லை.

கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதாக மாறியிருப்பது இந்த இடம்தான். 2012-ல் நெதர்லாந்தில் நடந்த 'கிராஸ்' பரிசோதனையின் முடிவு வெளியானது. ஒரு பகுதி நோயாளிகளுக்கு நேராக ஆபரேஷன். மற்றவர்களுக்கு முதலில் ஐந்து வாரம் கீமோதெரபியும் 23 முறை கதிர்வீச்சும், பிறகு ஆபரேஷன். நேராக ஆபரேஷன் செய்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 24 மாதம். மருந்தும் கதிரும் முதலில் பெற்றவர்களுக்கு 49 மாதம். அவர்களில் செதிள் செல் புற்று கொண்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, வெட்டி எடுத்த குழாயில் உயிருள்ள புற்றே இல்லை.

சுரப்பித் திசுப் புற்றுக்கு ஜெர்மனி இன்னொரு பாதை காட்டியது. 'ஃப்ளாட்' எனப்படும் நான்கு மருந்துக் கலவையை ஆபரேஷனுக்கு முன் நான்கு முறையும் பின் நான்கு முறையும் தருவது. இதையும் கிராஸ் முறையையும் நேருக்கு நேர் மோதவிட்ட பரிசோதனையின் முடிவு 2025 தொடக்கத்தில் அச்சில் வந்தது. நான்கு மருந்து பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 66 மாதம், கிராஸ் முறைக்கு 37 மாதம். அதனால் இன்று பயாப்ஸி சீட்டில் எந்த ஜாதிப் புற்று என்று எழுதியிருக்கிறது என்பது சிகிச்சையின் திசையையே மாற்றுகிறது.

சிறிய கட்டிகளுக்கு நேராக ஆபரேஷன் போதும். ஆனால் இங்கே பெரும்பாலோர் வந்து சேரும் நிலையில், சுவரைத் தாண்டிய அல்லது முடிச்சுகளைத் தொட்ட கட்டிக்கு "நாளைக்கே ஆபரேஷன்" என்று யாராவது சொன்னால், முன்சிகிச்சை ஏன் வேண்டாம் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

யார் கை?

ஐந்து முதல் எட்டு மணி நேரம் பிடிக்கக்கூடிய இந்த ஆபரேஷனில் ஆஸ்பத்திரியின் அனுபவம் பெரிய மருந்து. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுக் கணக்குகளை ஆராய்ந்து 2002-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் கறாராகச் சொன்னது. ஆண்டுக்கு 2-க்கும் குறைவாக இந்த ஆபரேஷன் செய்த மருத்துவமனைகளில் 20 சதவிகிதம் நோயாளிகள் இறந்தார்கள். 19-க்கு மேல் செய்த இடங்களில் 8 சதவிகிதம். அதே நோய், அதே ஆபரேஷன், வாசல்படி மட்டும் வேறு. நெதர்லாந்து அரசு பேசிக்கொண்டிருக்கவில்லை. ஆண்டுக்குக் குறைந்தது 20 செய்யாத மருத்துவமனை இதைத் தொடக்கூடாது என்று 2011-ல் வரம்பு கட்டியது. இந்தியாவில் அப்படி வரம்பு இல்லை. எனவே அந்தக் கேள்வியை நோயாளியின் வீட்டார்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சர்ஜன் மட்டுமே கணக்கு அல்ல. மயக்க டாக்டர், ராத்திரி இரண்டு மணிக்கும் விழித்திருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு, மூச்சுப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட், கசிவு வந்தால் உடனே கண்டுபிடிக்கும் கண், எல்லாம் சேர்ந்ததுதான் அனுபவம்.

நோயாளியின் பங்கும் உண்டு. முடிவு செய்த நாளே பீடியும் புகையிலையும் நிற்க வேண்டும். மூன்று பந்து கொண்ட பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பழக வேண்டும். தினம் நடக்க வேண்டும், மாடி ஏற வேண்டும். சோறு இறங்காமல் எடை கரைந்துபோனவருக்கு மூக்கு வழியாகவோ குடலில் நேராகவோ குழாய் வைத்து உணவு கொடுத்து உடம்பைத் தேற்றிய பிறகே கத்தி.

வெட்டாமல் இருப்பதும் சிகிச்சையே

எல்லோருக்கும் ஆபரேஷன் பொருந்தாது. இதயமும் நுரையீரலும் தாங்காத நிலையில், செதிள் செல் புற்றுக்குக் கீமோவும் கதிர்வீச்சும் மட்டுமே முழுச் சிகிச்சையாக இருக்க முடியும். அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் கால்வாசிப் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டியதை 1990-களிலேயே அமெரிக்கப் பரிசோதனை ஒன்று காட்டியது.

2025-ல் நெதர்லாந்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. மருந்தும் கதிரும் கொடுத்த பிறகு சோதனைகளில் புற்றே தென்படாதவர்களை உடனே வெட்டாமல் கண்காணித்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 74 சதவிகிதம். வெட்டியவர்களில் 71 சதவிகிதம். ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் புற்று அதே இடத்தில் திரும்ப முளைத்தது. சில மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் எண்டோஸ்கோப்பிக்கு வருபவருக்குத்தான் இந்த வழி. கோயில் கொடைக்குத் திருநெல்வேலி போய் அங்கேயே ஆறு மாதம் தங்கிவிடுகிறவருக்கு அல்ல.

நோய் எங்கும் பரவிவிட்டவருக்கும் செய்ய நிறைய இருக்கிறது. எண்டோஸ்கோப் வழியாக உலோக வலைக்குழாய் ஒன்றை வைத்தால் ஓரிரு நாளில் கஞ்சி இறங்கும். குழாய்க்குள்ளேயே வைக்கும் கதிர்வீச்சு பலன் தரச் சற்று நாள் பிடித்தாலும் அந்தப் பலன் அதிக காலம் நிற்கிறது என்று 2004-ல் வெளியான ஒப்பீடு கண்டது. கடைசி மாதங்களில் தன் வாயால் சாப்பிடுவது சின்ன விஷயம் அல்ல.

வீடு திரும்பிய பிறகு

ஆபரேஷன் முடிந்தவருக்கு இரைப்பை இப்போது மார்புக்குள் நிற்கும் குறுகிய குழாய். மூன்று வேளைச் சாப்பாடு என்ற வழக்கம் போய்விடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குறைவு. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் படுக்கக்கூடாது, தூங்கும்போதும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில் வெறும் வயிற்றில் பாயசம் குடித்தால் வியர்த்து, படபடத்து, மயக்கம் வரும். இனிப்பு வேகமாகக் குடலில் கொட்டுவதால் வரும் தொல்லை இது. பரிமாறுகிறவர் "இன்னும் ரெண்டு கரண்டி" என்று வற்புறுத்தாமல் இருப்பது பெரிய உதவி. இணைப்பு சுருங்கி மறுபடி அடைத்தால் அதை விரித்துவிடலாம். அடைப்பு என்றாலே புற்று திரும்பிவிட்டது என்று பொருள் அல்ல.

பணமும் ரேஷன் கார்டும்

டாடா மருத்துவமனை 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. பொதுப் பிரிவில் வரும் ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை நடக்கிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம்தான் 'பாபாட்ரான்' என்ற உள்நாட்டுக் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியை உருவாக்கியது.

இருந்தும் மும்பைத் தமிழர் ஒருவருக்குப் பெரிய தடையாக அமைவது சில சமயம் நோய் அல்ல, காகிதம். மகாத்மா ஜோதிபா பூலே திட்டத்துக்கு மகாராஷ்டிர ரேஷன் கார்டு முக்கியம். தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அங்கத்திய கார்டு. தாராவியில் தொழில், ஊரில் கார்டு என்று இருப்பவர் எந்தக் கணக்கில் வருகிறார் என்று கட்டியைக் கண்ட பிறகு அலைவதைவிட இப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஊருக்கே போய்ச் சிகிச்சை எடுப்பதிலும் தவறில்லை. சென்னை அடையாறில் 1954 முதல் புற்றுநோய் நிலையம் இயங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். ரங்கபாஷ்யம் தோற்றுவித்த இரைப்பை-குடல் அறுவைத் துறையின் பரம்பரையில் வந்த சர்ஜன்கள் பல ஊர்களில் உண்டு. 2012-ல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலைப்பின்னல் நாட்டின் 300-க்கும் மேற்பட்ட மையங்களை ஒரே சிகிச்சை நெறிமுறைக்குள் கொண்டுவர முயல்கிறது. எங்கே தொடங்கினாலும் அங்கேயே முடிப்பதுதான் முக்கியம். பாதிக் கீமோ மும்பையில், மீதி திருநெல்வேலியில் என்று போனால் கணக்குத் தப்பும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இது எந்த வகைப் புற்று? சுவரைத் தாண்டிவிட்டதா, முடிச்சுகளைத் தொட்டிருக்கிறதா?

பெட் ஸ்கேனோ, அது இல்லாவிட்டால் மார்புக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேனோ எடுத்தாயிற்றா?

ஆபரேஷனுக்கு முன் மருந்தோ கதிர்வீச்சோ தேவையா? வேண்டாம் என்றால் ஏன்?

எந்த வழியில் செய்யப் போகிறீர்கள்? இணைப்பு மார்பிலா, கழுத்திலா?

இந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு இப்படி எத்தனை ஆபரேஷன் நடக்கிறது?

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். அதிகம் செய்கிற சர்ஜனுக்கு இவை பழக்கமான கேள்விகள்தான்.

எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் எழ வேண்டியது. எண்டோஸ்கோப்பி பத்து நிமிட வேலை. அதற்குப் பரேல்வரைகூடப் போக வேண்டாம், தாராவியை ஒட்டிய சயான் மாநகராட்சி மருத்துவமனையே போதும். சோறு ஒருநாள் நெஞ்சில் நின்றால் தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கலாம். இரண்டு வாரமாக நின்றால் மாத்திரைக் கடைக்குப் போகக்கூடாது.